அன்று மணல், இன்று கல்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே ஒரு காலத்தில் அகலமான மணல் இருந்தது என்று சொன்னால் இருபது வயதுப் பிள்ளைகள் நம்பத் தயங்குகிறார்கள். சிறுவயதில் அவர்கள் அங்கே பார்த்தது கருங்கல் குவியலைத்தான். என் அப்பா அந்த மணலில் இறங்கி, முழங்கால் நனைய நின்று தூண்டில் வீசியவர். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நாள் முழுக்கக் கடல்தான் என்று கணக்குப் போட்டிருந்தார். ஓய்வு வந்தபோது அந்த மணலும் இல்லை, அவருடைய காலும் பழைய காலாக இல்லை. அதற்குப் பிறகும் அவர் தூண்டிலை விடவில்லை. எதை விட்டார், எதை மாற்றிக்கொண்டார் என்று எழுத நினைக்கிறேன். வயதான தகப்பனோ தாத்தாவோ இருக்கும் வீடுகளுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

மணல் இருந்த நாட்களில் அவரிடம் கம்பும் கிடையாது, ரீலும் கிடையாது. மரக்கட்டையில் சுற்றிய தங்கூசி நரம்பு, நுனியில் ஈயக்குண்டு, அதற்கு மேலே இரண்டு மூன்று முள், அவ்வளவுதான். நரம்பை மணலில் வளையம் வளையமாக இறக்கி வைத்து, குண்டைத் தலைக்கு மேல் சுழற்றி விட்டால் அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய் விழும். பிறகு நரம்பை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டு நிற்பார். நண்டு இரையைக் கிள்ளுகிறதா, கிழங்கான் கொத்துகிறதா என்று அந்த விரலுக்குத் தெரியும். இரைக்குக் காசு செலவழித்ததில்லை. அலை பின்வாங்கும்போது ஈர மணலுக்குள் புதைந்து ஒளியும் சின்ன நண்டுப்பூச்சிகளைக் கையால் தோண்டிக் கொட்டாங்கச்சியில் போட்டுக்கொள்வார். செருப்பு சைக்கிள் கேரியரில் கிடக்கும். உச்சி வெயிலில் மணல் கொதித்தாலும் வெறுங்கால்தான். இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வராமல் நேராகக் கடலுக்குப் போய், வெயில் ஏறியதும் ஒரு கொத்துக் கிழங்கானோடு வாசலில் வந்து நிற்பார். அம்மா திட்டிக்கொண்டே மாங்காய் அரிவார்.

காற்றைப் பார்த்துத்தான் போவார். கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும், குண்டு கூடுதல் தூரம் போகும். வாடை தொடங்கி, மழைத்தண்ணீர் ஆறுகளில் இறங்கிக் கடல் கலங்கினால், கொடுவா கரையோரம் வரும் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கிளம்புவார். கூட நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களில் ஒரு பெரியவர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஊர் திரும்பி, பிரான்ஸ் பென்ஷனில் வாழ்ந்தவர். அவர் அங்கிருந்து கொண்டுவந்த கம்பும் ரீலும்தான் அப்பா முதன்முதலில் கையில் வாங்கிப் பார்த்த ரீல். 'இதெல்லாம் வயசானவங்களுக்கு' என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

மணல் ஒரே நாளில் போகவில்லை. நம் சோழமண்டலக் கரையோரம் மணல் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அலைகள் மணலை வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே இழுக்கும். ஆண்டுக் கணக்கில் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புக் கற்சுவர்கள் நீட்டப்பட்டன. தெற்கிலிருந்து வந்த மணல் அந்தச் சுவரின் தென்புறத்திலேயே தங்கிவிட்டது. வடக்கே இருக்கும் நகரக் கரைக்கு வரவேண்டிய மணல் வரவில்லை, இருந்த மணலையும் அலை கொண்டுபோனது. சாலையைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நிற்கும், ஆனால் அதற்கு வடக்கே தொடரும். இப்படியே கடல் ஒவ்வொரு மீனவக் குப்பமாக வடக்கு நோக்கித் தின்றுகொண்டு போனது. வீடுகளை இழந்த அந்தக் குப்பத்து மக்களின் துயரத்துக்கு முன்னால் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவரின் இழப்பு சிறியதுதான். ஆனாலும் அப்பாவின் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால் அந்தச் சிறிய இழப்பின் விவரம் எனக்குத் தெரியும்.

மணல் போனதும் நண்டுப்பூச்சி போயிற்று. கிழங்கான் மணல் தரையில் மேயும் மீன், அதுவும் கரையோரம் அரிதாயிற்று. கற்களின் இடுக்குக்கு வேறு மீன்கள் வந்தன, கலவாயும் சின்னப் பாறை மீன்களும். அவற்றைப் பிடிக்க நரம்பைத் தரையில் வளையமாகப் போட முடியாது, கல்லில் சிக்கி அறுந்துவிடும். அதனால்தான் அப்பா ரீல் வாங்கினார். வயதானவர்களுக்கு என்று சொன்ன சாமான் அவர் கைக்கும் வந்தது. மணலில் வெறுங்காலோடு நின்றவர் பாசி வழுக்கும் கல்லில் தாவித் தாவி இறங்கப் பழகினார். அந்த வயதில் அது முடிந்தது.

சர்க்கரை வந்தது அதற்குப் பிறகு. பல ஆண்டுகள் அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. நீரிழிவு நரம்புகளைக் கெடுக்கும்போது பெரும்பாலும் பாதத்திலிருந்துதான் தொடங்கும். முதலில் எரிச்சல், மதமதப்பு, பிறகு ஒன்றுமே தெரியாது. கல்லில் ஒட்டியிருந்த சிப்பி அவர் கால் சுண்டுவிரலைக் கிழித்தது, அவருக்குத் தெரியவில்லை. வீட்டுத் தரையில் ரத்தத் தடம் பார்த்து அம்மாதான் சொன்னார். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் உண்டு. சர்க்கரை நோயாளிக்கும் கல்லீரல் பழுதானவருக்கும் அவை புண்ணில் நுழைந்தால் மிக வேகமாக முற்றக்கூடும். எந்தக் கிருமி என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. புண் முற்றி விரலை எடுக்கும்படி ஆயிற்று. அடுத்து நெஞ்சுவலி, ஸ்டென்ட், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. பிறகு வலது தோள் இறுகிப்போய்க் கை காதுக்கு மேலே எழவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுக்கம் மற்றவர்களைவிட அதிகம் வரும். கண்ணில் புரையும் சேர்ந்துகொண்டது.

வீட்டில் கம்புகளைப் பரணில் ஏற்றினார்கள். யாரையும் குறை சொல்ல மாட்டேன், பயம் அப்படி. அந்த மாதங்களில் அப்பா என்ன ஆனார் என்பதைச் சொல்ல வேண்டும். மாத்திரை நேரம் தவறியது. சோறு இறங்கவில்லை, ஆனால் பிஸ்கட் தீர்ந்தது. பேச்சு குறைந்தது. காலையில் வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு விழித்து, மொட்டைமாடிக்குப் போய் எந்தப் பக்கம் காற்று என்று பார்த்துவிட்டு இறங்கி வந்து மறுபடி படுத்துக்கொள்வார். சர்க்கரை அளவு ஏறியதே தவிர இறங்கவில்லை. சோதனைக்குக் கூட்டிப் போனபோது ஒரு இளம் மருத்துவர், பெரியவர் நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று கேட்டார். சொன்னோம். 'போகட்டும்மா. கல்லுல இறங்க வேணாம், வெறுங்கால் வேணாம், தனியா வேணாம். மீதியைப் பேசிக்கலாம்' என்றார். எத்தனையோ சீட்டு எழுதி வாங்கியிருக்கிறோம், எங்களுக்கு அதிகம் உதவியது இந்த வார்த்தைதான்.

இன்று அவர் கல்லுக்குப் போவதில்லை. நோணாங்குப்பம் பக்கம் சுண்ணாம்பாற்றங்கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். கடல் அங்கே உள்ளே வந்து திரும்புகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும், தண்ணீர் திரும்பும் வேளையில் கொடுவா இரை தேடும். பஞ்சாங்கத்தைப் பார்த்து நாளைக் குறித்துக்கொள்வார். ஆட்டோ ஒன்று பேசி வைத்திருக்கிறோம்.

வலது தோள் எழாததால் இடது கையால் பக்கவாட்டில் வீசக் கற்றுக்கொண்டார். ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டலாம். மாட்டியதும் வலது கை இடுப்பு உயரத்திலேயே இருந்து சுற்றினால் போதும். இளைஞர்கள் எல்லோரும் மெல்லிய பின்னல் நரம்புக்கு மாறிவிட்டார்கள். அவரும் வாங்கிப் பார்த்தார். பாதத்தைப் போலவே கையும் மரத்துவிட்டதால், இழுக்கும் மீனோடு அது விரலை அறுத்தால் அவருக்குத் தெரியாது, ரத்தமும் லேசில் நிற்காது. திரும்பத் தடித்த தங்கூசிக்கே வந்துவிட்டார். புரை நீக்கிய பிறகு தூரம் நன்றாகத் தெரிகிறது, முள்ளின் காது தெரியவில்லை. அதனால் முதல் நாள் இரவே என் மகன் முள்ளுகளைக் கட்டிக் கொக்கியோடு டப்பாவில் அடுக்கி வைத்துவிடுவான். தாத்தா கரையில் கொக்கியை மாட்ட வேண்டியதுதான். முடிச்சு சரியில்லை என்றால் பேரனுக்கு அர்ச்சனை விழும்.

இன்சுலின் விஷயம் எங்களுக்குப் பெரிய பாடம். சித்திரை வெயிலில் இன்சுலின் பேனாவைப் பையில் வைத்தால் மருந்து வீணாகும். மீனுக்கு ஐஸ் பெட்டி இருக்கிறதே என்று அதில் போடுவது அதைவிட மோசம், ஐஸில் பட்டு உறைந்த இன்சுலினைத் தூக்கித்தான் எறிய வேண்டும். ஈரத்துணி சுற்றிய தனி டப்பாவில் நிழலில் வைக்கிறோம். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் தக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடும் ஆபத்தும் உண்டு. சர்க்கரை சட்டென இறங்கும்போது கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இதயத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் அந்த அறிகுறிகளையே மறைத்துவிடும். வியர்வை மட்டும் தெரியலாம், ஆற்றங்கரை வெயிலில் வியர்வையை யார் கணக்கில் எடுப்பார்கள்? அதனால் அறிகுறிக்குக் காத்திராமல் மணியைப் பார்த்துச் சாப்பிடுகிறார். சட்டைப்பையில் குளுக்கோஸ் எப்போதும் இருக்கும்.

கெளுத்தி முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைப்பது கடற்கரையில் எல்லோரும் அறிந்த வைத்தியம், வலி குறையவும் குறையும். உணர்ச்சி மரத்த கைக்கு அதுவே ஆபத்து. சூட்டை இன்னொருவர் கை வைத்துப் பார்த்த பிறகுதான் அவர் வைக்க வேண்டும். இப்போது கெளுத்தி மாட்டினால் அவர் தொடுவதே இல்லை, கூட வருகிறவர் குறட்டால் கழற்றுகிறார். காலுக்கு மூடிய ரப்பர் ஷூ. வீடு திரும்பியதும் ஷூவைத் தட்டிக் காட்ட வேண்டும், பாதத்தை நான் பார்ப்பேன். 'என்ன பாப்பா, வாத்தியார் மாதிரி நோட்டு திருத்துற' என்பார். திருத்தாமல் விடமாட்டேன்.

மீன் கிடைக்கும் நாளும் உண்டு, கிடைக்காத நாள் அதிகம். கருவாடும் ஊறுகாயும் இதயத்துக்காக நிறுத்தியாயிற்று, அது அவருக்கு விரல் போனதைவிட வருத்தம். மடவை கிடைத்தால் உப்புக் குறைத்துக் குழம்பு வைக்கிறோம். கூட வந்த பழைய கூட்டத்தில் இருவர்தான் மிச்சம், சொல்தா பெரியவர் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன.

கரையும் சும்மா இருக்கவில்லை. 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் எஃகாலான செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கினார்கள். அலையின் வேகத்தை அது குறைத்ததில் காந்தி சிலைப் பக்கம் மணல் மெல்லத் திரும்பியது. முப்பது ஆண்டுகளாகச் சாத்தியமில்லை என்று ஊரே நினைத்த ஒன்று நடந்தது, அதைச் செய்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த மணலில் இப்போது அத்தனை கூட்டம், அங்கே தூண்டில் வீசக்கூடாது, வீசுவது தப்பு. அப்பா பழகிய இன்னொரு இடம் வம்பாகீரப்பாளையத்துப் பழைய துறைமுகப் பாலம். உள்ளே விட்ட காலத்தில் கல்லும் பாசியும் இல்லாமல் ஆழத்தண்ணீருக்கு மேலே நிற்க முதியவர்களுக்கு இருந்த ஒரே இடம் அது. 2022 மார்ச்சில் அதன் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்தது.

இந்த நகரத்தில் வேலை முடித்து ஓய்வில் இருக்கும் பலர் கடலைப் பார்த்துத்தான் மீதி நாளைக் கழிக்கிறார்கள். கரைக்காகக் கோடிக்கணக்கில் செலவழித்துத் திட்டம் போடுகிறவர்களிடம் நான் கேட்பது சிறிய விஷயம். பாலத்தையோ கற்கரையையோ இனி எப்போது சீர்செய்தாலும், சறுக்காத தரையும் இடுப்பு உயரக் கைப்பிடியும் நிழலும் உள்ள ஒரு மேடையை, குளிப்பவர்கள் வராத இடமாகப் பார்த்து, தூண்டில் போடும் முதியவர்களுக்கு ஒதுக்குங்கள். பக்கத்தில் குடிதண்ணீரும் கழிப்பறையும் இருக்கட்டும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது இல்லாமல் வெளியே வரவே முடியாது.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒன்று. பெரியவரின் கம்பைப் பரணில் ஏற்றுவதற்கு முன்னால் மருத்துவரிடம் ஒரு தடவை கேளுங்கள். காலுக்கு ஷூ வாங்கிக் கொடுங்கள், கூட ஒருவர் போங்கள், திரும்பி வந்ததும் பாதத்தைப் பாருங்கள்.