ஒரு தெருவே சமைக்கும் இஃப்தார்

கெய்ரோ மாநகரின் வடகிழக்கே மதரிய்யா என்றொரு பகுதி உண்டு. உழைத்துண்ணும் எளிய மக்கள் நெருக்கமாக வாழுமிடம். அதனுள் இஸ்பத் ஹமாதா என்னும் குடியிருப்பில், ரமளான் பிறை 15 அன்று மாலை, தெருக்களின் நடுவே மேசைகள் வரிசையாகப் போடப்படுகின்றன. ஒரு சந்து முடிந்ததும் அடுத்த சந்துக்குள் அவ்வரிசை வளைந்து செல்கிறது. ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக அமர்ந்து நோன்பு துறக்கின்றனர்.

கெய்ரோவில் இஃப்தார் பந்திகளுக்குப் பஞ்சமில்லை. 'மாயிதத்துர் ரஹ்மான்' என்ற பெயரில் வசதி படைத்தோர் வீதியோரம் பந்தி விரித்து, ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் உணவளிப்பது அங்கே நெடுநாளைய வழக்கம். மதரிய்யா விருந்து அவ்வகையைச் சேர்ந்ததன்று. 2013ஆம் ஆண்டில் அப்பகுதி நண்பர்கள் சிலர் கூடி நோன்பு துறந்ததே இதன் தொடக்கம். அண்டை வீட்டார் ஆண்டுதோறும் சேரச் சேர, பந்தி நீண்டது. செலவுக்குத் தெருவாசிகளே தங்களால் இயன்றதைத் தருகின்றனர். கிறிஸ்தவ அண்டை வீட்டாரும் இதில் கலந்துகொள்கின்றனர்.

நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி ஒரே அண்டாவில் வேகும். அங்கேயோ வீட்டுக்கு வீடு அடுப்பு எரிகிறது. சகோதரிகளே, அவர்கள் சமைக்கும் 'மஹ்ஷி'யைச் சற்றே கவனியுங்கள்! அரிசியுடன் தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, சதகுப்பைத் தழை ஆகியவற்றைப் பிசைந்து, திராட்சை இலையிலோ வெந்நீரில் வாட்டிய முட்டைக்கோஸ் இலையிலோ வைத்து, விரல் பருமனில் சுருட்ட வேண்டும். கத்தரிக்காயையும் குடைமிளகாயையும் குடைந்து அதே கலவையை நிரப்புவதும் உண்டு. அரிசி வெந்து விரிய இடம் விட்டே நிரப்ப வேண்டும், இல்லையேல் வெடித்துவிடும். பின் பாத்திரத்தில் நெருக்கி அடுக்கி, இறைச்சிச் சாறு ஊற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, இளந்தீயில் வேகவிடுவர். ஒரு குடும்பத்துக்குச் சுருட்டவே மணிக்கணக்காகும். ஒரு தெருவுக்கென்றால்? பெண்கள் கூடி அமர்ந்து சுருட்டினாலன்றி இயலாத காரியம். புகைப்படங்களில் பந்தி தெரிகிறது. அந்தக் கைகள் தெரிவதில்லை.

கோழியும் கோஃப்தாவும் கரியடுப்பில் சுடப்படுகின்றன. பேரீச்சம்பழம், ஊறுகாய், புளிச்சாறு, உலர்ந்த பாதாமி பழக்கூழில் கரைத்த 'கமருத்தீன்' பானம் ஆகியவையும் மேசைக்கு வருகின்றன.

அலங்காரம் பெரும்பாலும் இளைஞர், சிறுவர் பொறுப்பு. பழைய பாடக் குறிப்பேடுகளின் தாள்களைக் கத்தரித்து, மாவுப் பசையால் நூலில் ஒட்டி, எதிரெதிர் மாடங்களுக்கிடையே தோரணம் கட்டுவது எகிப்தியச் சிறுவர்களின் பழைய ரமளான் வேலை. இன்று கடையில் வாங்கிய பளபளப்புத் தாள்களே மிகுதி. எனக்கென்னவோ குறிப்பேட்டுத் தாளே உயர்ந்ததாகப் படுகிறது. தோரணங்களுக்கிடையே 'ஃபானூஸ்' விளக்குகள் தொங்குகின்றன. 973இல் ஃபாத்திமிய கலீஃபா அல்முயிஸ் கெய்ரோவுக்கு வந்தபோது, மக்கள் விளக்கேந்தி வரவேற்றதிலிருந்து இவ்வழக்கம் பிறந்ததாக ஒரு கதை வழங்கி வருகிறது. சுவர்களுக்கும் வண்ணம் தீட்டி ஓவியம் வரைகின்றனர்.

கொரோனா காலத்தில் இவ்விருந்து தடைபட்டது. 2023இல் வேறொரு சோதனை காத்திருந்தது. எகிப்தில் விலைவாசி ஏறிக்கொண்டே போய், அவ்வாண்டு செப்டம்பரில் பணவீக்கம் 38 விழுக்காட்டைத் தொட்டது. மறு ஆண்டு ரமளானுக்குச் சில நாள் முன்னர் எகிப்தியப் பவுண்டின் மதிப்பு சரிந்தது. ஒரு கிலோ இறைச்சி வாங்கவே இல்லத்தரசிகள் இருமுறை எண்ணிப் பார்த்த நாட்கள் அவை. அவ்வாண்டும் மதரிய்யாவில் மேசைகள் போடப்பட்டன.

இப்போது தொலைக்காட்சிக் குழுவினர் வருகின்றனர். வெளிநாட்டு விருந்தினர் வருகின்றனர். புகழ் வளர வளர, சுருட்ட வேண்டிய இலைகளும் பெருகும். வருவோர் தொகை தெருவின் கைகளை மிஞ்சிவிடுமோ என்ற ஐயம் நமக்கு எழாமலில்லை. கடைச் சமையல்காரரிடம் ஒப்படைத்தால் வேலை எளிதாகும். ஆனால் அது வேறு விருந்தாகிவிடும்.

மஃரிப் பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழம் கைமாறுகிறது. பகலெல்லாம் சுருட்டிய மஹ்ஷி அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. பிறகு மேசைகளை மடக்கி, பாத்திரங்களைக் கழுவ வேண்டும். தோரணங்களைப் பெருநாள் வரை யாரும் அவிழ்ப்பதில்லை.