சொந்தச் சரக்கு, பிறர் கிடங்கு

வெளியூரில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவரானாலும், ‘காலி செய்யுங்கள்’ என்று சொல்லும் உரிமை அவரிடமே இருக்கிறது. கம்ப்யூட்டர் உலகிலும் இப்படி ஒரு வழக்கு நடந்து வருகிறது.

எவரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்ற உரிமையோடு வெளியிடப்படுவது கட்டற்ற மென்பொருள். அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் இதற்கென ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். இன்று இத்தகைய மென்பொருள் எழுதுவோரில் மிகப் பலர் தங்கள் மூல நிரல்களைச் சேமித்து வைக்கும் இடம் ‘கிட்ஹப்’. 2018-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி 750 கோடி டாலர் மதிப்புக்கு அதை வாங்கியது. பொதுச் சொத்தைத் தனியார் கிடங்கில் வைக்கலாமா என்பதே கேள்வி.

வைப்பதில் ஆதாயம் உண்டு. காசு கேட்பதில்லை. நாலு பேர் கூடும் சந்தை அது. பிழையைச் சுட்டிக்காட்டவும் உதவவும் ஆள் எளிதில் கிடைக்கும். வேலை தேடும் இளைஞருக்கு அதுவே சான்றிதழாகவும் பயன்படுகிறது.

ஆனால் பழைய அனுபவம் ஒன்றை மறக்கலாகாது. லினக்ஸ் கெர்னலை உருவாக்கியவர்கள் 2002 முதல் ‘பிட்கீப்பர்’ என்ற தனியார் கருவியை இலவசமாகப் பயன்படுத்தி வந்தனர். 2005-ல் அச்சலுகை ரத்தாயிற்று. அதன் பிறகே லினஸ் டோர்வால்ட்ஸ் ‘கிட்’ என்ற கட்டற்ற கருவியை எழுதினார். கிட்ஹப் நிற்பதே அந்தக் கருவியின் மேல்தான்!

2019-ல் அமெரிக்கப் பொருளாதாரத் தடையின் காரணமாக ஈரான், சிரியா, கிரைமியா வாசிகளுக்குப் பல வசதிகளைக் கிட்ஹப் நிறுத்தியது. ஈரானியருக்கு அவை திரும்பக் கிடைக்க 2021 ஆயிற்று. அவர்கள் செய்த குற்றம் எதுவுமில்லை. ‘கூகுள் கோட்’ என்ற மற்றொரு கிடங்கோ 2016-ல் மூடப்பட்டே விட்டது.

‘கிட்’ கருவியால் நிரலையும் அதன் முழு வரலாற்றையும் நம் கம்ப்யூட்டரிலேயே பிரதி எடுத்துக்கொள்ளலாம். பிழைப் புகார்களும் விவாதங்களும் அந்தப் பிரதியில் தாமாக வந்து சேர்வதில்லை. அவற்றைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். ஜெர்மனியில் ‘கோட்பெர்க்’ என்ற லாபநோக்கற்ற சங்கம் கட்டற்ற மென்பொருளுக்கெனவே ஒரு கிடங்கை நடத்துகிறது.

ஆகவே, சந்தையில் கடை விரிப்பதில் தவறில்லை. விதைநெல்லை மட்டும் சொந்தக் குதிரில் வைத்துக்கொள்வதே விவேகம்.