விடுப்புக் கேட்ட பானபாத்திரக்காரன்

மும்பையில் ஒப்பந்தத்தின்பேரில் உத்தியோகம் பார்க்கும் நம் வாலிபருக்கு, ஒப்பந்தம் முடியும் கடைசி மாதங்கள் சோதனையின் காலம். நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டும். விடுப்புக் கேட்கவோ பயம். உடனே இல்லாத காய்ச்சல் வருகிறது. ஊரிலுள்ள பாட்டி இரண்டாம் முறை மரிக்கிறார்!

அர்தசஷ்டா ராஜாவின் பானபாத்திரக்காரனாயிருந்த நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் நிலையைக் கிஸ்லேயு மாதத்தில் கேள்விப்பட்டவர், நிசான் மாதம்வரை ஜெபத்தோடே காத்திருந்தார். திரும்பி வர எவ்வளவு காலமாகும் என்று ராஜா வினவியபோது, தவணையைத் திட்டமாய்க் கூறினார். அதே நெகேமியா, எருசலேமின் மதிலை இரவில் பார்வையிட்டபோது தம் நோக்கத்தை ஒருவருக்கும் அறிவிக்கவில்லை. மௌனம் வேறு, பொய் வேறு. விண்ணப்பத்தில் 'சொந்தக் காரியம்' என்றெழுதினால் போதும்.

மகாராஷ்டிராவின் 2017ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்கு உட்பட்ட தொழிலாளருக்கு, ஆண்டுக்கு 8 நாள் ஊதியத்துடன் தற்செயல் விடுப்பு உண்டு. எடுக்காவிட்டால் ஆண்டிறுதியில் அது காலாவதியாகிவிடும். உரிமையான விடுப்பிருக்க, பாட்டியை ஏன் அடக்கம்பண்ண வேண்டும்?

விடுப்புத் தீர்ந்தவர்கள், தேர்வை அதிகாலையிலோ சனிக்கிழமையிலோ வைக்கும்படி புதிய இடத்தாரைத் தாழ்மையாய்க் கேட்கலாம்; இணங்குகிறவர்கள் உண்டு. தேர்வு நாளை மனைவிக்கு மறைக்காதிருங்கள். அவர்களும் அன்று உபவாசித்து ஜெபிக்கட்டும்.