கீசுகீசு: திருப்பாவை ஏழாம் பாசுரத்தின் முதற்சொல்

நாமக்கல் மலையின் ஒரு புறக் குடைவரையில் நரசிங்கப் பெருமானும் மறுபுறக் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதனும் எழுந்தருளியிருக்கின்றனர். அம்மலையிலிருந்து இராசிபுரம் வழியே சேலம் வரையிலும், தெற்கே மோகனூர்க் காவிரிக்கரை வரையிலும் பரந்து கிடக்கும் புன்செய் நிலத்தில், மார்கழி மாதத்து இருள் பிரியுமுன் குரல் கொடுக்கும் பறவைகளுள் முந்துவது கரிச்சான். கரிக்குருவி, இரட்டைவால் குருவி என்றும் மக்கள் அதனை வழங்குவர். மேய்கின்ற எருமையின் முதுகிலும் வயல் நடுவே நட்ட கொம்பிலும் அமர்ந்து புழு பூச்சிகளைப் பிடித்துண்ணும் இச்சிறு பறவையைக் குடியானவர்கள் விரட்டுவதில்லை. அதன் விடியற்குரல் இரண்டு சுரங்களாலானது: முதலாவது சற்றே நீண்டு, அடுத்தது சட்டென்று குறுகி முடியும். நெட்டெழுத்தும் குற்றெழுத்துமாய் அமைந்த ‘கீசு’ என்னும் ஒலிக்கு இதைவிடப் பொருத்தமான குரலைத் தேடிக் காண்பதரிது.

திருப்பாவையில் பறவைகளின் குரல் நான்கு பாசுரங்களில் கேட்கின்றது. ஆறாம் பாசுரத்திலும் பதின்மூன்றாம் பாசுரத்திலும் புட்கள் ‘சிலம்பின’. பதினெட்டாம் பாசுரத்தில் கோழி ‘அழைத்தன’, குயிலினங்கள் ‘கூவின’. இவையெல்லாம் ஒலித்தல் என்னும் தொழிலைக் கூறும் வினைச்சொற்கள். ஏழாம் பாசுரம் ஒன்றில் மட்டும் பிராட்டி தொழிலைக் கூறாமல் ஒலியையே எடுத்து முன்வைக்கிறாள். பாசுரமே பறவையின் வாயில் தொடங்குகிறது. இதற்குக் காரணம் என்ன, அவ்வொலிக்குப் பொருள் உண்டா என்னும் கேள்வி உபந்யாஸங்களில் ஆண்டுதோறும் எழுகின்றது. ‘க்ருஷ்ண க்ருஷ்ண’ என்பதே பறவை வாயில் கீசுகீசு என்றாயிற்று என்பர் சிலர். பாசுரத்தின் பிற்பகுதியில் கேசவன் திருநாமம் வருதலின், ‘கேசவ’ என்பதன் சிதைவே ‘கீசு’ என்பாரும் உளர். ரஸமான நிர்வாஹங்களே, ஆயினும் சொல்லின் இலக்கணமும் பாசுரத்தின் ஓட்டமும் இவற்றுக்கு இடந்தருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

‘என’ என்னும் இடைச்சொல் வரும் இடங்களுள் இசையும் ஒன்று என்பது தொல்காப்பியம். ‘என்று’ என்பதும் அத்தகையதே என்று அந்நூல் தொடர்ந்து கூறும். ஆதலால் ‘கீசுகீசு என்று’ எனுமிடத்து ‘என்று’ ஒரு வாக்கியத்தை மேற்கோளாகத் தாங்கி நிற்க வேண்டுவதில்லை. வெறும் ஓசையைத் தாங்கி நிற்பதும் முறையே. இரட்டைக்கிளவி பிரிந்து இசையாது என்பதும் அந்நூலின் விதி. ‘கீசு’ என்பதைத் தனியே பிரித்து அதனுள் ஒரு திருநாமத்தின் முதலெழுத்துக்களைத் தேடுவோர் இவ்விதியை நினைவிற்கொள்வது நன்று. இது இரட்டைக்கிளவியா, அடுக்கா என்று வினவலாம். கீச்சு, கீச்சிடுதல் என ஒற்றையாகவும் இவ்வேர் உலகவழக்கில் வருதலின் அடுக்கென்று கொள்ளினும் இழுக்கில்லை. அப்போதும் அடுக்குவது ஓசையேயன்றிப் பெயரன்று.

இவ்வேர் தமிழுக்கு மட்டும் உரியதுமன்று. தெலுங்கிலும் கன்னடத்திலும் பறவையொலி ‘கிசகிச’ போன்ற வடிவில் வழங்கும். அவ்விரு மொழிகளும் வீட்டு மொழியாயிருக்கும் சேலத்து நெசவுத் தெருக்களில் தமிழோடு அவற்றையும் கேட்கலாம். காற்றடிக்க ஒலிக்கும் மூங்கிலுக்கு வடமொழியில் ‘கீசகம்’ என்று பெயருண்மையும் நோக்கத்தக்கது. நெடில் குறுகிக் ‘கிசுகிசு’ என்றானபோது தமிழில் அது மறைபேச்சாயிற்று. இன்று வம்புச் செய்திக்கும் அதுவே பெயர். இணையத்தில் எழுதும் சிறு செய்தியைக் ‘கீச்சு’ என்றழைத்த இக்காலத்தார், தாம் எடுத்த சொல்லின் பழமையை அறிந்தனரோ இல்லையோ!

பறவைப் பெயர்களும் பறவையொலிகளும் பற்றிய இவ்வழக்கு மிகப் பழையது. யாஸ்கர் தம் நிருக்தத்தின் மூன்றாம் அத்யாயத்தில் ‘காக’ என்னும் பெயர் ஒலியின் அநுகரணம் என்றும், பறவைகளின் பெயரில் இது மிகுதி என்றும் கூறினார். ஔபமந்யவர் அதனை மறுத்து, ஒலியநுகரணம் என்பதே இல்லை, விரட்டத்தக்கது ஆதலின் காகம் என்று தாதுவழியே பொருள் கண்டார். ஒலியாகவே விட்டுவிட மனம் ஒவ்வாமல் ஒரு தாதுவைத் தேடுகின்ற ஔபமந்யவரின் உள்ளமே, கீசுகீசுவுக்குள் திருநாமம் தேடுவோரிடத்தும் தொழிற்படுகின்றது. பாணினியோ ‘அவ்யக்தாநுகரணம்’ என்று அதற்குத் தனிப்பெயரிட்டு விதியும் வகுத்தார். எழுத்துத் தெளியாத ஒலியை எழுத்தால் அநுகரித்தல் என்பது அதன் பொருள்.

கீசுகீசு என்பது ஒலியே என்று கொண்டதன் பயன் ஒன்று உடனே கிட்டுகிறது: பறவை இன்னதென்று துணியலாம். ஆனைச்சாத்தன் என்பதற்கு வலியன் என்றும் பரத்வாஜ பக்ஷி என்றும் உரைகள் வழங்குகின்றன. வலியன் என்பது கரிச்சானே. பரத்வாஜம் என்னும் வடசொல்லோ ஒரு பறவையில் நிலைபெறவில்லை. வடமொழி அகராதிகள் வானம்பாடி என்னும். மராட்டியர் செம்போத்தைப் பாரத்வாஜ் என்பர். பெயரை மட்டும் பற்றிச் சென்றால் ஆனைச்சாத்தன் செம்போத்தாகவும் ஆகிவிடும். ஆனால் செம்போத்தின் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ‘ஊப் ஊப்’ என்று தாழ்ந்தொலிப்பது. மலையாளத்தில் அதற்கு ‘உப்பன்’ என்றே பெயர். அது எந்நாளும் கீசுகீசு என்னாது. மேலும், மலையாள நாட்டில் கரிச்சானுக்கு ‘ஆனறாஞ்சி’ என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. கையகலப் பறவை ஆனையின் பெயரைத் தாங்குவது, தன் கூட்டை அணுகும் காக்கையையும் பருந்தையும் அஞ்சாமல் எதிர்த்து ஓட்டும் அதன் வலியால் ஆகலாம். வலியன் என்னும் பெயரும் அதற்கே சான்று. ‘பேய்ப்பெண்ணே’ என்னும் விளியைக் கொண்டு இப்பாசுரம் குலசேகராழ்வாரை உணர்த்துவதாகக் கூறும் நிர்வாஹத்தார்க்கு இம்மலைநாட்டுப் பெயர் உவப்பாயிருக்கும்.

இனிப் பாசுரத்தின் ஓட்டம். இதில் ஓசைகள் மூன்று: பறவையின் ஒலி, ஆய்ச்சியரின் காசும் பிறப்பும் எழுப்பும் ஒலி, தயிர் கடையும் ஒலி. அணிகலன்களின் ஒலியும் ஓர் அநுகரணமே. ஆனால் ‘கலகலப்ப’ என்று அது வினையாகிப் பழகிவிட்டது. கீசுகீசு மட்டும் பழகாமல், பறவை வாயிலிருந்து விழுந்த வடிவிலேயே நிற்கிறது. தயிரின் ஒலி வெறும் ‘அரவம்’. பறவையின் ஒலியோ ‘பேச்சரவம்’. மூன்றனுள் எழுத்துத் தெளியாத ஒலி எதுவோ அதற்கே பேச்சென்னும் ஏற்றத்தைப் பிராட்டி தருகிறாள். கீசுகீசு என்பதற்குத் தெளிந்த பொருளொன்றை நாம் கற்பித்துவிட்டால் இந்த வியப்பு அழிந்துபோகும். ‘க்ருஷ்ண’ என்று பறவை தெளிவாகக் கூறுமாயின் அதனைப் பேச்சென்பதில் என்ன அதிசயம்?

உள்ளே கிடப்பவளுக்கும் வெளியே நிற்பவர்களுக்கும் நடக்கும் வாதமாகவே இதனை வ்யாக்யான மரபு விரிக்கின்றது. விடிந்தமைக்கு அடையாளம் என் என்கிறாள் உள்ளிருப்பவள். ஆனைச்சாத்தன் ஒலித்தது என்கின்றனர் இவர்கள். ஒரு பறவை ஒலித்ததனால் விடிந்ததாகுமோ என்றால், ‘எங்கும்’ என்பது விடை. நீங்கள் திரண்டு வந்த ஆரவாரத்தால் அவை கலங்கி ஒலித்திருக்கும் என்றால், ‘கலந்து’ என்பது விடை. இரைதேடப் பகலெல்லாம் பிரிந்திருக்கப் போகும் பேடும் சேவலும் பிரியுமுன் தம்முள் பேசிக்கொள்ளும் பேச்சு அது. அச்சத்தில் எழுந்த கூச்சலன்று. அப்பேச்சு என்னவென்று கேட்டறிய வெளியிலிருப்பவர்களால் ஆகாது. பிரிவை எண்ணிப் பேசுகின்றன என்பது மட்டும், பிரிவையே உண்டறிந்த ஆய்ப்பெண்களுக்குத் தெரியும். கீசுகீசு என்னும் தெளியாமை இவ்விடத்தில் குறையன்று; அதுவே பொருள்.

ஸ்வாபதேசமும் இவ்வழியே செல்வது பொருந்தும். ஞானமும் அநுஷ்டானமும் இரு சிறகுகளாக உடைய ஆசார்யர்களைப் பறவையாகக் கொள்வது மரபு. அவர்கள் தம்முள் கலந்து பகவத் குணங்களைப் பேசும்போது வாசலில் நிற்பவன் செவியில் விழுவது ஓசை மட்டுமே. ஆயினும் அது பேச்சென்று அறிந்து நிற்பவன் கதவுக்கு அண்மையில் இருக்கிறான். முதலிரண்டு ஓசைகளையும் குறித்துக் ‘கேட்டிலையோ’ என்று வினவிய பிராட்டி, நாராயணன் திருநாமம் பாடப்படும் இடத்தில் மட்டும் ‘கேட்டே’ என்கிறாள். பறவையின் பேச்சு கேளாமற்போயிற்று என்றால் ஒருவாறு பொறுக்கலாம். திருநாமத்தைக் கேட்டும் கிடப்பவளைத்தான் ‘தேசமுடையாய்’ என்று கூப்பிட்டுத் திறக்கச் சொல்கிறார்கள். திருநாமம் வர வேண்டிய இடம் அது. அதனைப் பாசுரத்தின் முதற்சொல்லிலேயே கொண்டுவந்து நுழைத்தால் இந்தப் படிமுறை குலையும்.

அநுகாரம் என்னும் சொல் இப்ரபந்தத்துக்கு அந்நியமன்று. கண்ணனைப் பிரிந்த கோபியர் அவன் சேஷ்டிதங்களை அநுகரித்து உயிர் தரித்தனர். அக்கோபியரை அநுகரித்து, வில்லிபுத்தூரை ஆய்ப்பாடியாகவும் தன்னை இடைப்பெண்ணாகவும் பாவித்து, நடையும் பேச்சும் இடைச்சியருடையதேயாகும்படி ஆண்டாள் நோன்பு நோற்றாள் என்பர் பூர்வர்கள். அவ்வாறு அநுகரிப்பவள் வாயில் ஒரு பறவையின் குரல் மாற்றமின்றி வந்து நிற்கிறது. கரிச்சானும் தன் பங்குக்கு அநுகரிக்க வல்ல பறவையே. வல்லூற்றின் குரலை எழுப்பி மற்றப் புட்களை மருட்டுவதுண்டு. அது பகலில், இரைக்காக. மோகனூர்க் கரையிலும் இராசிபுரத்துக் காடுகளிலும் இருள் பிரியுமுன் தன் துணையோடு பேசுகையில் அதற்குத் தன் குரல் போதும்.