ங என்ற எழுத்தும் ஒரு பீங்கான் பசுவும்

எங்கள் வீட்டுக் குடிலில் இந்த வருடம் பசு இல்லை. அது என் தம்பியோடு தான்சானியாவுக்குப் போய்விட்டது.

சேத்தியாத்தோப்பில் மார்கழிப் பனி இறங்குகிற நாட்களில் நாங்கள் குடிலுக்காகத் தட்டில் நெல் விதைப்போம். முளைத்து வரும் நாற்றுதான் எங்கள் பெத்லகேமின் புல்வெளி. பொம்மைகளெல்லாம் விருத்தாசலத்துப் பீங்கான். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச, ஓரத்தில் மண் தோல்போலப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, கொஞ்சம் இறுகியதும் பொம்மையை எடுத்து, அச்சின் இரண்டு பாதிகள் கூடிய இடத்தில் நிற்கும் தழும்பைக் கத்தியால் சீவுவார்கள். காய்ந்த பிறகு சூளைக்குப் போகும். எங்கள் பசுவின் முதுகில் அந்தத் தழும்பு முழுதாகச் சீவப்படாமல் மெல்லிய கோடாக நின்றுவிட்டது. சின்ன வயதில் தம்பி அதை விரலால் தடவிக்கொண்டே இருப்பான். அவன் ஊழியத்துக்குக் கிளம்பிய அன்று அம்மா அந்தப் பசுவைப் பழைய புடவைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

அவனுக்கு வயது 24. கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் ஒரு லுத்தரன் சபையில் உதவி ஊழியன். மிஷனரி என்றால் மேடையேறிப் பிரசங்கம் செய்பவர் என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அவன் நாளெல்லாம் செய்வது வேறு. காலையில் சுவாஹிலி பாடம். மதியம் பிள்ளைகளோடு. சாயங்காலம் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேச்சைக் கேட்பது. மணி கேட்பதற்கே அவனுக்குப் பயிற்சி வேண்டியிருந்தது. விடியலிலிருந்து பொழுதை எண்ணுவது சுவாஹிலி வழக்கம். நமக்குக் காலை 7 மணி என்றால் அவர்கள் பேச்சில் அது 1 மணி.

போன வாரம் பேசும்போது சொன்னான்: "அக்கா, இங்க பசுவுக்கு 'ஙொம்பே'ன்னு பேரு. நம்ம ங-வை வச்சு ஒரு வார்த்தையே ஆரம்பிக்குது. எனக்கு வாயில வரவே மாட்டேங்குது. பசங்க விழுந்து விழுந்து சிரிக்குதுங்க."

நான் தமிழாசிரியை. ங-வை முதலெழுத்தாக வைத்து ஒரு சொல் சொல்லுங்கள் என்று பிள்ளைகள் கேட்டால், 'ஙப்போல் வளை'யைத் தாண்டி என்னிடம் பதில் இருந்ததில்லை. அந்த எழுத்துக்கு அவ்வளவு தூரத்தில் அன்றாட வேலை இருக்கிறது என்று கேட்டபோது மகிழ்ச்சியாக இருந்தது. அதோடு இன்னொரு 24 வயதுப் பையனின் நினைவும் வந்தது.

பர்த்தலோமேயு சீகன்பால்கு. ஜெர்மனியின் புல்ஸ்னிட்ஸ் ஊரில் 1682-ல் பிறந்தவர். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் மிஷனரியாக அனுப்ப, சக மிஷனரி ஹென்ரிக் புளூட்சோவுடன் 1705 நவம்பர் கடைசியில் கப்பல் ஏறினார். அந்தக் கிறிஸ்துமஸ் அவருக்குக் கடலில் கழிந்தது. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். மறுநாள் அவருக்கு 24 வயது நிறைந்தது.

இங்கே வந்ததும் அவர் உட்கார்ந்த இடம் பள்ளிப் பிள்ளைகளின் பக்கம். ஒரு தமிழ் வாத்தியாரிடம், பிள்ளைகளோடு தரையில் சம்மணமிட்டு, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். பல்கலைக்கழகம் பார்த்து வந்தவர் அவர். ஊர்ப் பிள்ளைகள் அவரைப் பார்த்தும் சிரித்திருப்பார்கள்.

தன் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று அவர் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதம் உண்டு. காலை 6 மணிக்கு மக்களுக்கு ஞானோபதேசம். 7 மணிக்கு, கற்ற சொற்களைத் திரும்பப் பார்ப்பது. 8 முதல் 12 வரை தமிழ் நூல்கள் மட்டுமே. ஆசிரியர் பொருள் சொல்ல, பக்கத்தில் எழுத்தர் ஒருவர் புதுச் சொற்களையெல்லாம் எழுதிக்கொள்வார். வெயில் தாங்காமல் 1 மணிக்குச் சற்று ஓய்வு. பிற்பகல் 3 மணிக்கு மறுபடி தமிழ். விளக்கொளியில் கண் கெட்டுவிடும் என்று இரவில் பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். 1708-க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைச் சேர்த்து, அவற்றுக்கு விளக்கப் பட்டியலும் எழுதிவிட்டார்.

அதே 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். நவம்பரில் அவரைச் சிறையில் அடைத்தார்கள். ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசியதில், ஏற்கெனவே மிஷனரிகளைப் பிடிக்காத டேனிஷ் ஆளுநர் ஹாசியஸுக்குக் கோபம் முற்றியது. 4 மாதம் டான்ஸ்போர்க் கோட்டைக்குள் இருந்தார். கிறிஸ்துமஸும் அங்கேதான். 26 வயது. ஊரும் வீடும் கடலுக்கு அப்பால், கற்றுக்கொண்ட மொழி மதிலுக்கு வெளியே.

சிதம்பரம், சீர்காழி வழியாகப் பஸ் மாறி நாங்கள் வருடா வருடம் தரங்கம்பாடி போவோம். அந்தக் கோட்டைச் சுவரில் கை வைத்து நிற்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். விடுதலையானதும் அவர் திரும்பிப் போனது தமிழிடம்தான். 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பு முடிந்தது. 1714-15-ல் தரங்கம்பாடி அச்சகத்திலேயே புதிய ஏற்பாடு அச்சேறியது. மாட்டுத்தொழுவத்தில் பிறந்த பிள்ளையின் கதையைத் தமிழர்கள் அச்சுப் புத்தகத்தில் வாசிக்க முடிந்தது. 1719-ல் 36 வயதில் அவர் இறந்தார். தான் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பின்னாளில் தரங்கம்பாடிப் பணியை ஏற்றுக்கொண்ட லைப்சிக் மிஷன்தான் 1893-ல் கிளிமஞ்சாரோவுக்கும் ஊழியர்களை அனுப்பியது. ஆக, என் தம்பி போயிருப்பது ஒரு வகையில் ஒன்றுவிட்ட உறவுக்காரர் வீட்டுக்கு.

கடவுளே பேச்சு வராத கைக்குழந்தையாக வந்தார் என்பதுதான் கிறிஸ்துமஸ். அதைச் சொல்லப் போகிறவரும் அந்த ஊரில் முதலில் பேச்சு வராத பிள்ளையாக இருந்துதான் ஆகவேண்டும். தெரியாதவராய் உட்கார்ந்து, தப்பாய்ச் சொல்லி, சிரிப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். ஊழியத்தின் முதல் வேலை அதுதான் என்று நான் நம்புகிறேன்.

நேற்று ராத்திரி தம்பியிடமிருந்து ஒரு படம் வந்தது. வாழைத்தோட்டத்து ஓரம், பலகையால் அடித்த சின்னக் குடில். உள்ளே விருத்தாசலத்துப் பசு. அதன் முதுகுக் கோட்டில் ஒரு குழந்தையின் விரல். கூடவே குரல் பதிவு: "அக்கா, வந்துருச்சு. ஙொம்பே! பசங்க கை தட்டிட்டாங்க."

அம்மா அதை மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டார். இன்று காலை அதிரசத்துக்கு மாவு பிசைந்தபடி, யாருக்கும் கேட்காது என்று நினைத்து, அடுப்படியில் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்: "ஙொம்பே... ஙொம்பே."