லினக்ஸ் கர்னலும் பதிப்பு எண்ணும்

கிள்ளானில் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் டியூசன் வகுப்பில் டெபியன் லினக்ஸ் ஓடும் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. "புது கர்னல் வந்துருச்சாமே, நம்மளது ஏன் இன்னும் பழைய எண்ணில இருக்கு?" என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரே கணினியில் பல மாணவர்கள் அமர்கிறார்கள். ஒருவர் கோப்பில் மற்றவர் கைவைக்கக்கூடாது அல்லவா?

யார் எந்தக் கோப்பைத் தொடலாம் என்பதைக் காவல் காப்பதே கர்னல்தான். அதில் ஓட்டை விழுந்தால் மற்றப் பூட்டுகளால் பயனில்லை.

2022 மார்ச் 7-இல் மேக்ஸ் கெல்லர்மன் என்பவர் 'டர்ட்டி பைப்' என்ற ஓட்டையைப் பகிரங்கப்படுத்தினார். படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பிலும் சாதாரணப் பயனர் எழுதலாம்; அதன்வழி கணினியின் நிர்வாகியாகவே மாறிவிடலாம். 2020-இல் வந்த 5.8 பதிப்பிலிருந்தே இருந்த கோளாறு இது. கர்னலை உருவாக்குவோர் 5.16.11, 5.15.25, 5.10.102 ஆகிய பதிப்புகளில் அதைத் திருத்தினர்.

டெபியன் 11-இல் திருத்தம் எந்த எண்ணில் வந்தது தெரியுமா? 5.10.92-2. நூற்றிரண்டு எங்கே, தொண்ணூற்றிரண்டு எங்கே! எண்ணை மட்டும் பார்ப்பவர் பயந்துதான் போவார். உண்மையில், டெபியன் குழுவினர் 5.10.92-ஐ வைத்துக்கொண்டே தேவையான திருத்தங்களை மட்டும் அதில் சேர்த்தார்கள். அவசர நேரத்தில் இப்படிச் செய்வது, பத்துப் பதிப்புகளின் மாற்றங்களை ஒரேயடியாக இழுத்து வருவதைவிடச் சோதிக்க எளிது. சிறுகோட்டுக்கு முன்னால் இருப்பது மூலக் கர்னலின் எண். பின்னால் இருப்பது டெபியன் கட்டித் தந்த பேக்கேஜின், அதாவது பொதியின் எண். அந்தப் பதிப்பில் 1 என்றால் ஓட்டை உண்டு, 2 என்றால் இல்லை. அந்தக் கடைசி எண்ணைத்தான் பலர் பார்ப்பதே இல்லை!

டெபியன் வழிவந்த உபுண்டுவிலும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் பொதிகளுக்கு எண்ணிடும் முறை இதையொட்டியதே.

இன்னொரு குழப்பமும் உண்டு. டெபியன் 11-இல் 'யூநேம் -ஆர்' என்று தட்டினால் 5.10.0 எனத் தொடங்கும் பெயர்தான் வரும். 'யூநேம் -வி' என்று தட்டினால்தான் பொதியின் முழு எண் தெரியும். அதுவும் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் எண்ணே. புதுப் பொதியை நிறுவிய பிறகும், கணினியை மறுதொடக்கம் செய்யும்வரை பொதுவாகப் பழைய கர்னல்தான் ஓடும். உலாவியைப்போல மூடித் திறந்தால் போதாது.

ஐயம் இருந்தால், ஓட்டைக்குரிய அடையாள எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். டர்ட்டி பைப்புக்கு அது சி.வி.இ-2022-0847. டெபியனின் பாதுகாப்புப் பட்டியலில் அதைத் தேடினால், எந்தப் பொதியில் திருத்தம் வந்தது என்பது நேராகவே தெரிந்துவிடும்.