கீழாநெல்லியைச் சோதித்த துணைவேந்தர்

திருச்சிப் பக்கம் யாருக்காவது கண் மஞ்சளித்தால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் தேடச் சொல்வது கீழாநெல்லியை. ஸ்ரீரங்கத்தைச் சுற்றி வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தானாக முளைத்துக் கிடக்கும் செடி. வேரோடு பிடுங்கி, அலசி, அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். கூடவே பத்தியம். சில வாரங்களில் மஞ்சள் இறங்கிவிடும். அது செடியால் இறங்கியதா, தானாகவே இறங்கியதா?

இந்தக் கேள்வியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனவர் சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜன். காமாலை ஓர் அறிகுறிதான்; பல சமயம் அதன் பின்னால் இருப்பது ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் வைரஸ். அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, இ வகைகள் பெரும்பாலும் தாமாகவே குணமாகும். ரத்தம் வழியாகவும், உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றும் பி வகை அப்படியல்ல. பிறக்கும்போதே தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளின் உடலில் அது தங்கிவிடும். பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்து, ஈரலைச் சுருங்க வைக்கும். புற்றுநோயிலும் கொண்டுபோய் விடும்.

இப்படிப் பி வகை வைரஸைச் சுமப்பவர்களையே தியாகராஜன் குழு எடுத்துக்கொண்டது. ஒரு பிரிவினருக்கு 30 நாள் கீழாநெல்லி. இன்னொரு பிரிவினருக்கு மருந்துச் சத்தில்லாத போலி மருந்து. முடிவு 1988-ல் 'லான்செட்' இதழில் வந்தது. செடி உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. மற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. இந்த வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூச் பிளம்பெர்க்கும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர். இன்னொருவரான தி.திருநலசுந்தரி பின்னாளில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. செடி விளைந்த மண் வேறா, இனம் வேறா என்று விவாதம் நீண்டது. ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை என்றது. இதனால் 1988 ஆய்வின் மதிப்பு குறைந்துவிடவில்லை என்பேன். இது முதற்கட்ட ஆய்வுதான், மேலும் சோதிக்க வேண்டும் என்று அவர்களே அதில் எழுதியிருந்தார்கள். பாட்டி வைத்தியத்தைக் கண்மூடிப் புகழ்வதும் எளிது, கேலி செய்வதும் எளிது. அது தோற்கவும் வாய்ப்புள்ள ஒரு சோதனையில் அதை நிறுத்துவதுதான் உண்மையான மரியாதை.

தியாகராஜன் 2003 முதல் 2006 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். பின்னர் கோவை அவினாசிலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் வேந்தரானார். தன் முடிவைப் பிறர் மறுத்துச் சோதிக்கும் துறையில் வளர்ந்தவர்கள் பல்கலைக்கழகத் தலைமைக்கு வருவது நமக்கு நல்லது.

கண் மஞ்சளித்தால், வரப்புக்குப் போகும் முன் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். வீட்டில் பிள்ளை பிறந்தால், 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.